கணக்கரின் கண்: புரை அறுவையில் லென்ஸும் லேசரும் தேர்ந்த விதம்

இந்தப் பதிவில் வருபவருக்கு 64 வயது. பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் கணக்கு எழுதுகிறார், வீடு நெல்லிக்குப்பத்தில். நான் கடலூரில் கண்ணாடிக் கடை நடத்தும் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பவர் சோதிப்பவன். பல வருடமாக அவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவன் என்பதால், புரை அறுவை என்று பேச்சு வந்ததும் குடும்பம் காகிதங்களோடு என்னிடம் வந்தது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களும் மருத்துவமனைகளும் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு 14 வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் ஓடுகிறது. ரத்த அழுத்தமும் உண்டு. இளவயதிலிருந்தே மைனஸ் கண்ணாடி. என் கடைப் பதிவில் பத்து வருடத்துக்கு முந்தைய பவர் இருந்தது: இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.75. வண்டி ஓட்டவும் டிவி பார்க்கவும் கண்ணாடி போடுவார். பேரேட்டைத் திறந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். நாற்பது தாண்டியதும் ஊரே வெள்ளெழுத்துக் கண்ணாடி தேடும்போது இவர் தேடியதில்லை. மைனஸ் கண்ணாடிக்காரர்களுக்கு இருக்கும் ஒரே சலுகை அது.

கடந்த இரண்டு வருடமாக வலது கண் மங்கிக்கொண்டே வந்தது. மாலையில் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் வீடு திரும்பும்போது எதிர் வண்டி விளக்கு கண்ணில் சிதறுகிறது என்றார். சோதித்ததில் வலது கண்ணின் பவர் மைனஸ் 5-க்குப் போயிருந்தது. புரையின் நடுக்கரு இறுகும்போது மைனஸ் ஏறுவது வழக்கம்தான். கண்ணாடி போட்டும் வலதில் 6/36, இடதில் 6/18 (6/6 இயல்பான பார்வை; கீழ் எண் கூடக்கூடப் பார்வை குறைவு). இனி கண்ணாடி மாற்றிப் பிரயோஜனமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் மருத்துவமனையும் விலைப்பட்டியலும்

முதலில் போன தனியார் மருத்துவமனையில் டாக்டர் பார்த்ததும் ஆலோசகர் அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஒரு பட்டியல். முதல் வரியில் இந்தியத் தயாரிப்பு மடிப்பு லென்ஸ், 20 ஆயிரத்துச் சொச்சம். அடுத்து வெளிநாட்டு லென்ஸ், அதற்கு மேல் சிலிண்டர் பவரை, அதாவது கருவிழி வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததால் வரும் பவரை, சரிசெய்யும் டோரிக். கடைசி வரியில் தூரம், நடு, கிட்டம் மூன்றுக்கும் சேர்த்து டிரைஃபோகல். லேசரோடு ஒரு கண்ணுக்கு 1 லட்சத்து 10 ஆயிரம். அந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்திருந்தார்கள்.

மகன் குவைத்தில் இருக்கிறார். வீடியோ காலில் என்னிடமும் பேசினார். "காசு பிரச்சனை இல்லண்ணா. எது பெஸ்ட்டோ அதையே வெச்சிடச் சொல்லுங்க." எதிர்வீட்டு அம்மாவுக்கு டிரைஃபோகல் வைத்து அவர் கண்ணாடியே இல்லாமல் அரிசி பொறுக்குகிறார் என்பது வீட்டில் இன்னொரு சாட்சி. அது பொய்யில்லை. விழித்திரை நன்றாக இருந்து, கருவிழி ஒழுங்காக இருந்து, இரவில் வண்டி ஓட்டாதவருக்கு டிரைஃபோகல் நன்றாகவே ஒத்துவரும். என் கடைக்கு வருபவர்களிலும் அப்படிச் சந்தோஷமாக இருப்பவர்கள் உண்டு.

ஆனால் அவர்கள் கொண்டுவந்த கோப்பில் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுத்துக் காட்டும் ஓசிடி ஸ்கேன் இல்லை. பதினாலு வருடச் சர்க்கரைக்காரருக்கு அதைப் பார்க்காமல் டிரைஃபோகல் போன்ற பல குவிய லென்ஸைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கருவிழி வளைவை இரண்டு முறை அளந்திருந்தார்கள். இடது கண்ணில் சிலிண்டர் ஒரு அளவில் 1.1, இன்னொன்றில் 1.7. இவ்வளவு விலகல் இருந்தால் அந்த அளவை நம்பி லென்ஸ் பவர் போட முடியாது. புதுச்சேரியில் இன்னொரு கண் மருத்துவரிடம் மறு கருத்துக் கேட்கச் சொன்னேன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக் கண்ணுக்காகப் போவது கடலூர்க்காரர்களுக்குப் பழகிய வழிதான்.

மறு பரிசோதனையில் தெரிந்தவை

அவர் கூப்பிட்டதால் நானும் கூடப் போனேன். மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு எடுத்து வரச் சொல்லியிருந்தேன். அந்தப் பையில் டாம்சுலோசின் இருந்தது. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை, வீட்டிலும் யாருக்கும் தோன்றவில்லை. சம்பந்தம் உண்டு. இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அறுவையின்போது கருவிழிக்குப் பின்னால் இருக்கும் திரைத்தசை தொளதொளவென்று ஆகி, கண்பாப்பா பாதியில் சுருங்கிவிடக்கூடும். 2005-இல் இது மருத்துவ உலகில் விவரிக்கப்பட்டது. மாத்திரையை நிறுத்தினாலும் ஆபத்து முழுக்கப் போகாது. அறுவை செய்பவருக்கு முன்பே தெரிந்திருந்தால் தயாராக இருப்பார், அவ்வளவுதான் வேண்டியது.

கண் விரிக்கும் சொட்டு போட்ட பிறகும் அவருடைய கண்பாப்பா 4.5 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. கருவிழி காய்ந்திருந்தது, கண்ணீர்ப் படலம் சில நொடிகளில் உடைந்தது. சிலிண்டர் அளவு மாறிமாறி வந்ததற்குக் காரணம் அதுதான். ஓசிடியில் மாகுலாவில், அதாவது விழித்திரையின் நடுப்பகுதியில், வீக்கம் இல்லை. ஆனால் விழித்திரையில் சர்க்கரையால் வரும் ஆரம்பநிலைக் கசிவுப் புள்ளிகள் இருந்தன. மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 8.9.

டாக்டர் அன்றைக்கே தேதி கொடுக்கவில்லை. கண்ணீர்ச் சொட்டு, இமைக்கு ஒத்தடம், சர்க்கரை டாக்டரிடம் ஒரு நடை. எல்லாம் முடிந்து ஐந்து வாரம் கழித்து மறுபடி அளந்தார்கள். இந்த முறை இரண்டு கருவியிலும் ஒரே பதில்: வலதில் 0.6, இடதில் 1.9. கண்ணின் நீளம் 24.6, 24.5 மில்லிமீட்டர். சர்க்கரை சராசரியும் 7.8-க்கு இறங்கியிருந்தது.

முதல் அளவான 1.1-ஐ நம்பியிருந்தால் டோரிக் தேவையில்லை என்றோ, குறைவான பவர் போதும் என்றோ முடிவாகியிருக்கும்.

எந்தத் தூரம் கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும்

பட்டியலில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஒரு குவிய லென்ஸ், அதாவது மோனோஃபோகல், எந்தத் தூரத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்துத்தான் அதன் பவரைக் கணக்கிடுகிறார்கள். வேறொன்று சொல்லாவிட்டால் வழக்கமாகத் தூரப் பார்வைக்கு, பூஜ்ஜியத்துக்கு வைத்துவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரி. வாழ்க்கை முழுவதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தவருக்கு அது பெரிய நஷ்டம். அறுவை முடிந்த மறுநாள் பேருந்துப் பலகை தெளிவாகத் தெரியும், கையில் இருக்கும் ரசீது தெரியாது. இப்படிக் குழம்பிப்போய் என் கடைக்கு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அறுவை அருமையாக முடிந்திருக்கும், ஆனால் பார்வை கெட்டுப்போச்சு என்பார்கள்.

இலக்கு பவரை மாற்றுவதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வேறு பவர் எழுதிய அதே லென்ஸ். பட்டியலில் அது வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நாங்கள் அவருடைய ஒரு நாளை எழுதிப் பார்த்தோம். காலை முதல் மாலை வரை பேரேடும் ரசீதும், சுமார் 40 சென்டிமீட்டரில். நடுநடுவே கம்ப்யூட்டரில் டேலி கணக்கு மென்பொருளின் திரை, 60 சென்டிமீட்டர் சுமாருக்கு. காலையும் மாலையும் வண்டி. இரவில் டிவி. அவரிடம் டாக்டர் நேராகவே கேட்டார், எதற்குக் கண்ணாடி போட உங்களுக்குச் சிரமமில்லை என்று. "வண்டிக்கும் டிவிக்கும் போட்டுக்கறேன் சார், நாப்பது வருசமா போடறதுதானே. கணக்கு நோட்டு மட்டும் வெறுங்கண்ணுல தெரியணும்."

அதோடு டிரைஃபோகல் பேச்சு முடிந்தது. அந்த லென்ஸ் கண்ணுக்குள் வரும் ஒளியைத் தூரங்களுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிறது. இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும், மங்கலான வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளை வேறுபாடு குறைவதும் அதனால்தான். சர்க்கரை தொட்ட விழித்திரையில் அந்த வேறுபாட்டை உணரும் திறன் ஏற்கெனவே குறையும், பின்னாளில் இன்னும் குறையலாம். பார்வை வரம்பைக் கொஞ்சம் நீட்டித் தரும் எடாஃப் வகை லென்ஸையும் டாக்டர் சொன்னார். அதில் வளையத் தொந்தரவு குறைவு, ஆனால் நோட்டுக்கு அப்போதும் கண்ணாடி தேவைப்படலாம். இவருக்கு அது பொருந்தவில்லை.

முடிவு: இரண்டு கண்ணிலும் மோனோஃபோகல், இலக்கு மைனஸ் 2.25. வெறுங்கண்ணில் சுமார் 44 சென்டிமீட்டரில் தெளிவு. இன்னொரு லாபமும் இதில் இருந்தது. தூரத்துக்கு வைத்திருந்தால், இடது கண் அறுவைவரை ஒரு கண் பூஜ்ஜியம், இன்னொன்று மைனஸ் 3 என்று தலைசுற்றும் நிலை வந்திருக்கும். இப்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்து பவர்.

இடது கண்ணுக்கு டோரிக்கா சாதாரணமா என்பதில் கொஞ்சம் இழுபறி. எப்போதும் கண்ணாடி போடப்போகிறவர் என்றால் 1.9 சிலிண்டரைக் கண்ணாடியிலேயே போட்டுவிடலாம், அதற்கு லென்ஸில் கூடுதல் பணம் கொடுப்பது வீண். இவர் வெறுங்கண்ணில் நாள் முழுக்க எண்களைப் பார்ப்பவர். 3-ம் 8-ம் குழம்பினால் மண்டியில் வில்லங்கம். அதனால் இடதுக்கு டோரிக், வலதுக்குச் சாதாரணம். இரண்டு கண்ணுக்கும் வேறுவேறு விலையா என்று மகனுக்குக் கொஞ்சம் உறுத்தல். வலதில் டோரிக் சரிசெய்யும் அளவுக்கு அங்கே எதுவும் இல்லை என்று டாக்டரே போனில் சொன்ன பிறகு சரி என்றார்.

இந்தியத் தயாரிப்பு என்றால் மட்டம் என்ற பயமும் வீட்டில் இருந்தது. 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஆரோலேப் வந்த பிறகுதான் நம் நாட்டில் லென்ஸ் விலை சாதாரண ஆளுக்கு எட்டியது. அங்கே செய்யும் லென்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. லென்ஸ் எங்கே செய்தது என்பதைவிட, அளவு சரியா, இலக்கு சரியா என்பதில்தான் இவருடைய பார்வை நின்றது.

லேசர்

மகன் கடைசிவரை விடாமல் கேட்டது இதைத்தான். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது: தையல் இல்லாத அறுவை எல்லாம் லேசர் அல்ல. எல்லா இடத்திலும் செய்யும் பேக்கோ, 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் தொடங்கிவைத்த முறை, அல்ட்ராசவுண்டு அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சுவது. பட்டியலில் இருந்தது ஃபெம்டோசெகண்ட் லேசர். அது 2008-இல் புடாபெஸ்ட்டில் முதலில் மனிதர்களிடம் பயன்படுத்தப்பட்டது. கருவிழியில் வெட்டு, லென்ஸ் பையின் முன்தோலில் வட்டத் திறப்பு, புரையைத் துண்டாக்குவது ஆகியவற்றைச் செய்யும். அதன் பிறகும் உறிஞ்சி எடுக்கப் பேக்கோ கருவிதான் வர வேண்டும்.

வட்டம் அச்சடித்ததுபோல வரும் என்பது உண்மை. பார்வையில் அது என்ன வித்தியாசம் தந்தது என்று பார்த்தால், 2020-இல் வெளியான பிரான்ஸ், பிரிட்டன் பெரிய ஆய்வுகள் இரண்டிலும், பேக்கோவைவிட மேலான பலன் தெரியவில்லை. செலவுக்கு ஏற்ற பயனும் இல்லை. கருவிழியின் உள்வரிசைச் செல்கள் குறைந்த கண்ணிலும், கல்லாக இறுகிய புரையிலும் சில மருத்துவர்கள் இதை விரும்புவதுண்டு.

இவர் விஷயத்தில் அந்த விவாதத்துக்கே போக வேண்டியிருக்கவில்லை. லேசர் திரைத்தசையைத் தாண்டி வெட்டாது, கண்பாப்பா நன்றாக விரிந்திருக்க வேண்டும். வழக்கமான வட்டமே சுமார் 5 மில்லிமீட்டர். இவருக்கு விரிவது 4.5. மேலும் லேசர் பட்டால் கண்பாப்பா இன்னும் சுருங்கும் தன்மை உண்டு. பேனாவால் வட்டமிட்ட அந்த ஒரு வரியில் இருந்த இரண்டுமே, லென்ஸும் லேசரும், இந்தக் கண்ணுக்கு ஒவ்வாதவை.

வலது கண்

அறுவையில் டாக்டர் எதிர்பார்த்ததே நடந்தது. கண்பாப்பா சுருங்க ஆரம்பித்தது, தயாராக வைத்திருந்த சிறு கொக்கிகளால் விரித்துப் பிடித்து முடித்தார். நேரம் கொஞ்சம் கூடியது. மறுநாள் கருவிழியில் லேசான வீக்கம், நாலைந்து நாளில் வடிந்தது. நாலாவது வாரம் நான் பவர் பார்த்தபோது மைனஸ் 1.75, தூரக் கண்ணாடியுடன் 6/9. இலக்கைவிட அரை பவர் தள்ளி நின்றது. இந்த அளவு விலகல் அரிதல்ல. டேலி திரை பளிச்சென்று தெரிந்தது. நோட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஏழாவது வாரம் இடது கண்ணுக்குத் தேதி குறித்திருந்தார்கள்.

ஆறாவது வாரம்

அதற்கு முன் ஒருநாள் கடைக்கு வந்து, வலது கண்ணில் எழுத்தின் நடு மட்டும் கலங்குகிறது என்றார். சிவப்பு இல்லை, வலி இல்லை. வலியும் சிவப்பும் சேர்ந்து பார்வை குறைந்தால் கிருமித் தொற்று என்று சந்தேகித்து அந்த மணி நேரமே ஓட வேண்டும். இது அப்படி இல்லை. ஆனாலும் பார்வை 6/18-க்கு இறங்கியிருந்ததால் அன்றே டாக்டரிடம் அனுப்பினேன். ஓசிடியில் மாகுலாவில் நீர் கோத்திருந்தது. புரை அறுவைக்குப் பிறகு நாலு முதல் ஆறு வாரத்தில் சிலருக்கு வரும் வீக்கம் இது, சர்க்கரைக்காரர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு சொட்டு அப்போதுதான் முடிந்திருந்தது.

ஸ்டீராய்டை மறுபடி தொடங்கி, கூடவே வீக்கத்தைக் குறைக்கும், ஸ்டீராய்டு அல்லாத நெபாஃபினாக் சொட்டும் கொடுத்தார்கள். இடது கண் அறுவையைத் தள்ளிவைத்தார்கள். அவருக்கு இது பிடிக்கவில்லை. பருவம் ஆரம்பிக்கிறது, மண்டியில் வேலை குவியும், இரண்டையும் முடித்துவிடலாமே என்றார். ஒரு கண்ணில் வீக்கம் வந்த காரணம் அடங்குமுன் இன்னொரு கண்ணைத் தொடுவதில்லை என்று டாக்டர் மறுத்துவிட்டார். வீக்கம் வற்ற இரண்டரை மாதம் ஆனது. பார்வை மறுபடி 6/9.

இந்த இரண்டரை மாதத்தில் டிரைஃபோகல் உள்ளே இருந்திருந்தால், மங்கல் லென்ஸாலா வீக்கத்தாலா என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடாகியிருக்கும்.

இடது கண்

காத்திருந்ததில் ஒரு பயன் கிடைத்தது. வலது கண் மைனஸ் 1.75-இல் நின்றதால் இடது கண்ணின் இலக்கை 2.25-இலிருந்து 2.50-ஆக மாற்றினார்கள். வலது திரைக்கு, இடது நோட்டுக்கு. முக்கால் பவர் வித்தியாசத்தைக் கண்கள் சுலபமாக ஏற்றுக்கொள்ளும்.

டோரிக் லென்ஸ் குறித்த அச்சில் உட்கார வேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் சுமார் 3 சதவீதத் திருத்தம் போகும், 30 டிகிரி திரும்பினால் டோரிக் போட்டும் போடாததுதான். படுத்தால் கண்ணே லேசாகச் சுழலும் என்பதால், உட்காரவைத்து முதலில் கருவிழி ஓரத்தில் குறி வைத்தார்கள். நெபாஃபினாக்கை இந்த முறை அறுவைக்கு முன்பே தொடங்கிப் பல வாரம் தொடர்ந்தார்கள். கொக்கி இந்தக் கண்ணுக்கும் தேவைப்பட்டது. லென்ஸ் 4 டிகிரி தள்ளி அமர்ந்தது. மறுபடி திறந்து திருப்ப வேண்டிய அளவல்ல. மீதி சிலிண்டர் 0.50. மாகுலா இந்தக் கண்ணில் வீங்கவில்லை.

இப்போதைய நிலை

நோட்டும் திரையும் வெறுங்கண்ணில். வண்டிக்கும் டிவிக்கும் கண்ணாடி; சாதாரண ஒற்றைப் பவர் போதும் என்றார், அதையே போட்டுக்கொடுத்தேன். எதிர் வண்டி விளக்கு சிதறுவது நின்றுவிட்டது. மழை நாளில் மட்டும் இருட்டுமுன் கிளம்பிவிடுகிறார்.

அவருக்கு மனக்குறை ஒன்று உண்டு, அது கண்ணில் இல்லை. "ஆபரேஷன் பண்ணியும் கண்ணாடியா" என்று தெருவில் கேட்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா பாவப்படுகிறாராம். மகனும் ஊருக்கு வந்தபோது ஒருமுறை, பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்பா இப்படிச் செய்தாரோ என்று என்னிடம் தனியாகக் கேட்டார். அப்பாவை உட்காரவைத்து, ஒரு மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்துக் கண்ணாடியில்லாமல் படிக்கச் சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

ஓசிடி எடுத்த பிறகுதான் லென்ஸ் பேச்சைத் தொடங்க வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அவர்களுக்கு நெபாஃபினாக் போன்ற சொட்டை முதல் கண்ணிலிருந்தே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இவருடைய வலது கண்ணில் அதைத் தொடங்கியது வீக்கம் வந்த பிறகு.

இலக்கு பவரை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். புரை வருவதற்கு முந்தைய கண்ணாடிச் சீட்டு வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். புரை முற்றிய பிறகு எடுக்கும் பவரில் அந்த ஆளின் உண்மையான கண் தெரியாது. மாத்திரைப் பை முழுவதும் கூடவே போக வேண்டும், கண்ணுக்குச் சம்பந்தமில்லாதது என்று நீங்கள் நினைப்பதும்.

காப்பீட்டையும் முதலிலேயே பார்த்திருக்கலாம். இவர் எடுத்திருந்தது ஆரோக்கிய சஞ்சீவனி. அதில் புரைக்கு 24 மாதக் காத்திருப்பு, ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40 ஆயிரம், இதில் எது குறைவோ அதுதான். பாலிசி எடுத்து மூன்றாவது வருடம் என்பதால் காத்திருப்பில் தப்பினார். வலது கண் செலவு வரம்புக்குள் அடங்கியது; டோரிக் வைத்த இடது கண்ணுக்கு 14 ஆயிரம் மேலே போனது. அதையும், பாலிசியின் 5 சதவீதப் பங்கையும் கையிலிருந்து கட்டினார்கள். டிஸ்சார்ஜ் மேசையில் நின்றுகொண்டுதான் இதெல்லாம் தெரிந்தது. காப்பீடே இல்லாதவர்களுக்குக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் லென்ஸோடு இலவச அறுவை உண்டு. அங்கே போனாலும் இலக்கு பவரைப் பற்றிக் கேட்கலாம்.

லேசர் ஒன்று இவருக்கு மிச்சம் இருக்கிறது. லென்ஸ் வைத்த பையின் பின்தோல் சில மாதங்களிலோ வருடங்களிலோ மங்கினால், யாக் லேசரால் அதில் சின்னத் திறப்பு போடுவார்கள். சில நிமிட வேலை, படுக்க வேண்டியதில்லை. வலது கண்ணில் லேசாக ஆரம்பித்திருக்கிறது என்று போன முறை டாக்டர் எழுதியிருக்கிறார். பார்வையைப் பாதிக்காதவரை தொட வேண்டாம், ஆறு மாதம் கழித்து ஓசிடியோடு வரவும் என்பது இப்போதைய குறிப்பு.